முடிவு முன்பே தெரியும்: எரெக் பிளாஞ்சர் மரணமும் அரிவாள் செல் பரிசோதனையின் நிர்வாகப் பொறுப்பும்

2008 மார்ச் 18. அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் உள்ள சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி, போட்டிகள் இல்லாத பருவத்துக்கான உடற்திறன் பயிற்சியில் இருந்தது. எடைப் பயிற்சி, தடை ஓட்டம், அதன்பின் குறுந்தூர வேக ஓட்டங்கள். பயிற்சியின் முடிவில் 19 வயது எரெக் பிளாஞ்சர் சரிந்து விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோன பிறகும் காப்பாற்ற முடியவில்லை. கடும் உடலுழைப்பால் தசை சிதைந்து, அதனால் இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்தார், அதற்கு அடிப்படை அரிவாள் செல் பண்பு என்று மாவட்டப் பிணக்கூறாய்வு அலுவலகம் முடிவு சொன்னது.

பல்கலைக்கழக விளையாட்டுத் துறை பிளாஞ்சருக்கு ஏற்கெனவே இரத்தப் பரிசோதனை செய்திருந்தது. அந்தப் பண்பு அவருக்கு உண்டு என்பது அவர்களிடம் பதிவாகியும் இருந்தது. ஆகவே பரிசோதனை செய்யாததால் நேர்ந்த மரணம் என்று இதைச் சொல்ல முடியாது. பரிசோதனை நடந்தது, முடிவு சரியாக வந்தது, அதற்குப் பிறகும் ஒருவர் இறந்தார். கல்லூரி விளையாட்டு நிர்வாகத்தைப் பற்றிப் படிக்க வேண்டிய வழக்கு இதுவாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

பண்பு என்றால் என்ன, எப்போது ஆபத்து

அரிவாள் செல் பண்பு ஒரு நோய் அல்ல. தாய் தந்தையில் ஒருவரிடமிருந்து மட்டும் ஹீமோகுளோபின் எஸ் மரபணு வந்திருக்கும், இன்னொருவரிடமிருந்து இயல்பான ஹீமோகுளோபின் ஏ மரபணு வந்திருக்கும். இரத்தத்தில் எஸ் வகை பொதுவாக 35 முதல் 45 சதவீதம்வரை இருக்கும், மீதியில் பெரும்பகுதி ஏ வகை. ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு இது உண்டு. பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் எந்தத் தொல்லையும் வராது. இரத்தசோகையும் இருக்காது. பள்ளிப் பருவம் முழுக்க முதல் வரிசை ஆட்டக்காரராக இருந்திருப்பார். அதனாலேயே யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

உடல் தன் எல்லைக்குத் தள்ளப்படும்போதுதான் விஷயம் மாறுகிறது. இடைவிடாத அதிவேக ஓட்டத்தில் தொடைத் தசைக்குள் நான்கு மாற்றங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன: ஆக்சிஜன் வற்றுகிறது, அமிலம் கூடுகிறது, தசை சூடேறுகிறது, சிவப்பணுக்கள் நீரிழந்து அவற்றுக்குள் எஸ் வகையின் அடர்த்தி ஏறுகிறது. இந்த நான்கும் சேர்ந்தால் எஸ் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக் கம்பிபோல் நீண்டு, சிவப்பணுவை அரிவாள் வடிவத்துக்கு வளைத்துவிடும். வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கின்றன. இரத்தம் கிடைக்காத தசை சாகத் தொடங்குகிறது. செத்த தசையிலிருந்து பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற தசைப் புரதமும் இரத்தத்தில் கொட்டுகின்றன. பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும், மயோகுளோபின் சிறுநீரகத்தை அடைக்கும். ராப்டோமயோலிசிஸ் எனப்படும் தசைச் சிதைவு இதுதான்.

வேகத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க அத்லெட்டிக் ட்ரெயினர்கள் (அணி வீரர்களின் உடல்நலத்தைக் கவனிக்கும் மருத்துவ உதவியாளர்கள்) சங்கம் 2007-இல் வெளியிட்ட கூட்டறிக்கை, உச்ச உழைப்பு தொடங்கி இரண்டு மூன்று நிமிடங்களிலேயே செல்கள் வளையத் தொடங்கலாம் என்கிறது. வெயில் அடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. குளிர்கால உள்ளரங்கப் பயிற்சியிலும் நடந்திருக்கிறது. வெப்பம், உடல் நீர் குறைவு, ஆஸ்துமா, உயரமான இடம் ஆகியவை ஆபத்தைக் கூட்டுபவை, அவ்வளவே.

இன்னொன்று: கல்லூரிக் கால்பந்தில் பதிவான இந்த வகை மரணங்கள் நடந்த இடம் பயிற்சிக்களம். ஆட்டத்தில் ஒரு மோதல் சில நொடிகளில் முடிந்து, அடுத்ததற்கு முன் மூச்சு வாங்க நேரம் கிடைக்கிறது. தொடர் ஓட்டத்தில் அந்த இடைவெளி இல்லை. எத்தனை ஓட்டம், இடையே எவ்வளவு ஓய்வு என்பதை ஒரு பயிற்சியாளர் தாளில் எழுதித் தீர்மானிக்கிறார். அதாவது, ஆபத்தின் அளவு ஒரு ஊழியரின் கையெழுத்தில் இருக்கிறது. நிர்வாகப் பொறுப்பு என்ற பேச்சு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சோதனைக் குழாயில் நடப்பது

கல்லூரிகள் வழக்கமாகச் செய்வது கரைதிறன் சோதனை. கொஞ்சம் இரத்தத்தை எடுத்து, சிவப்பணுக்களை உடைத்து, ஆக்சிஜனை நீக்கும் சோடியம் டைதயோனைட் கலந்த கரைசலில் விடுவார்கள். எஸ் வகை இருந்தால் அது கரையாமல் திரண்டு கரைசல் கலங்கும். குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட அட்டையைப் பிடிப்பார்கள். கோடு தெரிந்தால் இல்லை, மறைந்தால் உண்டு. மலிவு, சில நிமிட வேலை.

ஆனால் இது சொல்லாதவை நிறைய. எஸ் வகை இருக்கிறது என்று சொல்லுமே தவிர, பண்பா, இரு பெற்றோரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்த நோயா என்று பிரித்துச் சொல்லாது. ஹீமோகுளோபின் சி, பீட்டா தலசீமியா ஆகிய வேறு ஹீமோகுளோபின் மரபுக் குறைகளைக் காட்டாது. எஸ்-சி நோய் (ஒரு பெற்றோரிடமிருந்து எஸ், மற்றவரிடமிருந்து சி) உள்ள ஒருவர் பார்வைக்கு நல்ல ஆரோக்கியத்தோடு கல்லூரி அணிவரை வந்துவிடக்கூடும். இந்தச் சோதனை மட்டும் செய்தால் அவரும் பண்பு உள்ளவர் பட்டியலில் போய்ச் சேருவார். கடுமையான இரத்தசோகை இருந்தாலோ, அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தாலோ இருப்பது தெரியாமல் போகலாம். இரத்தத்தில் கொழுப்பு மிகுந்திருந்தால் இல்லாதது இருப்பதுபோல் கலங்கலாம். ஆகவே உண்டு என்று வந்த ஒவ்வொரு முடிவையும் ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியே பிரித்து அளக்கும் எலக்ட்ரோஃபோரசிஸ் அல்லது ஹெச்.பி.எல்.சி. முறையில் உறுதிசெய்து, ஏ எத்தனை சதவீதம், எஸ் எத்தனை சதவீதம் என்று எண்ணில் வாங்க வேண்டும். கோப்பில் வெறுமனே "பாசிட்டிவ்" என்று மட்டும் இருந்தால் வேலை பாதியில் நிற்கிறது என்று பொருள்.

பிறந்த குழந்தைகளுக்கான இரத்தப் பரிசோதனையில் இது எல்லா மாநிலங்களிலும் 2006 முதல் உண்டு. அந்த முடிவு இருந்தால் மறுபடியும் ஊசி குத்தத் தேவையில்லை. நடைமுறையில், பிறந்தபோது எழுதிய தாள் 18 வருடம் கழித்துக் கல்லூரி வாசலுக்கு வந்து சேருவது அபூர்வம். "எனக்கு அப்படியொன்றும் இல்லை" என்ற மாணவரின் வாய்ச்சொல்லை முந்தைய முடிவாக எடுத்துக்கொள்வதுதான் இந்தக் கட்டத்தில் அதிகம் நடக்கும் தவறு. ஆய்வகத்தின் பெயரும் தேதியும் உள்ள தாள் கையில் இருந்தால் மட்டுமே அது முடிவு.

முடிவு எங்கே தங்கிவிடுகிறது

பிளாஞ்சர் வழக்கில் இரு தரப்பும் முட்டிக்கொண்ட முதல் கேள்வி, அவருக்குச் சொல்லப்பட்டதா என்பது. சொன்னோம் என்றது நிர்வாகம். அவருக்கும் சொல்லவில்லை, எங்களுக்கும் சொல்லவில்லை என்றது குடும்பம். அன்றைய பயிற்சி எவ்வளவு கடுமை, தண்ணீர் அனுமதிக்கப்பட்டதா, மருத்துவ உதவியாளர்கள் அருகில் இருந்தார்களா என்பதிலும் சாட்சியங்கள் எதிரெதிராக நின்றன. வேறோர் இதயக் கோளாறால்தான் இறந்தார் என்றும் பல்கலைக்கழகத் தரப்பு வாதிட்டது.

இத்தனை தகராறுக்கும் இடம் கொடுப்பது கையொப்பம் இல்லாத காலி இடங்கள். ஒரு முடிவு ஆய்வகத்திலிருந்து ஓடுபாதைவரை போகும் வழியைப் பாருங்கள். ஆய்வகம் அணி மருத்துவருக்கு அனுப்புகிறது. மருத்துவர் பார்த்து, தலைமை அத்லெட்டிக் ட்ரெயினரிடம் கொடுக்கிறார். ட்ரெயினர் மாணவரை அழைத்துப் பேசுகிறார். பிறகு உடற்திறன் பயிற்சியாளருக்குச் சொல்ல வேண்டும், அவர் தன் உதவியாளர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் "சொல்லியிருப்பார்" என்ற ஊகம் நுழையும். இந்தச் சங்கிலியில் அடிக்கடி அறுபடுவது கடைசிக் கண்ணி. முழுநேர ஊழியர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கும், ஆனால் அன்று காலை ஆறு மணிக்கு விசிலோடு நிற்கும் பயிற்சி மாணவருக்கோ புதிதாக வந்த உதவியாளருக்கோ தெரியாது.

தனியுரிமைச் சட்டத்தைக் காட்டித் தகவலை முடக்குவதும் வழக்கம். மருத்துவப் பதிவுக்கு ஹிப்பா, கல்விப் பதிவுக்கு ஃபெர்பா என்று இரண்டு சட்டங்களின் பெயரும் அடிபடும். சேர்க்கையின்போதே, இன்ன தகவலை இன்ன பதவியில் உள்ளவர்களுக்குச் சொல்லலாம் என்று மாணவரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்கிவிட்டால் இந்தத் தடை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. அதை வாங்க மறந்தவர்கள்தான் பிறகு சட்டத்தைக் காட்டுகிறார்கள்.

மாணவரிடம் பேசுவதும் ஒரு நிமிடச் சடங்காக இருக்கக் கூடாது. உட்கார வைத்துச் சொல்ல வேண்டியவை: உனக்கு இந்தப் பண்பு இருக்கிறது, இதனால் விளையாட்டிலிருந்து நீக்க மாட்டோம், இந்த அறிகுறி வந்தால் நீயே நிறுத்தலாம், நிறுத்தியதற்காக உன் இடம் பறிபோகாது. கடைசி வாக்கியத்தைத் தலைமைப் பயிற்சியாளர் அருகில் இருந்து தன் வாயால் சொல்லாவிட்டால் மற்றவற்றுக்கு மதிப்பில்லை. உதவித்தொகையும் அணியில் இடமும் பயிற்சியாளர் கையில் இருக்கும்போது, 19 வயதுப் பையன் "கால் வரவில்லை" என்று தானாகச் சொல்வான் என எதிர்பார்ப்பது வீண். பேசிய தேதி, பேசியவர், மாணவர் கையொப்பம் மூன்றும் தாளில் ஏற வேண்டும்.

விழுந்த பிறகு உள்ள நிமிடங்கள்

வெப்பப் பிடிப்பு என்று தவறாக நினைப்பதுதான் பெரிய ஆபத்து. வேறுபாடு கண்ணுக்கும் கைக்கும் தெரியும். வெப்பத்தால் தசை பிடித்தால் முன்கூட்டியே சிலிர்ப்பும் துடிப்பும் வரும், வலியில் கத்துவார், தசை கல்லாக இறுகியிருக்கும். அரிவாள் சரிவில் முன்னறிவிப்பு இருக்காது. கத்த மாட்டார். கால் பலமிழந்து மெல்ல மடங்கி உட்காருவார் அல்லது படுப்பார். தொட்டால் தசை சாதாரணமாகவே இருக்கும். தொடக்கத்தில் தெளிவாகப் பேசுவார், "கால் வேலை செய்யவில்லை" என்பார். உள் வெப்பநிலை 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருக்காது. பெரும்பாலும் பயிற்சி தொடங்கிய சற்று நேரத்திலேயே நடக்கும். இப்படி இருப்பவரைச் சோம்பேறி என்று நினைத்து எழுப்பி ஓடவிட்டால் அடுத்த ஓட்டமே கடைசியாகிவிடலாம்.

சரிந்தவரின் நாடி, சுவாசம், நினைவு ஆகியவற்றை உடனே பார்க்க வேண்டும். முகமூடி மூலம் நிமிடத்துக்கு 15 லிட்டர் என்ற அளவில் ஆக்சிஜன், அதுவும் வெளிவிட்ட காற்று திரும்ப உள்ளே போகாத பை இணைத்த முகமூடி. உடல் சூடாக இருந்தால் குளிர்விக்க வேண்டும். நினைவு மங்கினாலோ நாடி சரிந்தாலோ அவசர உதவி எண்ணான 911-க்கு அழைத்து, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏ.ஈ.டி. கருவியைப் பொருத்தி, நரம்பில் திரவம் ஏற்றி, வேகமாக மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஆம்புலன்சில் ஏற்றும்போதே "அரிவாள் செல் பண்பு உள்ளவர், கடும் தசைச் சிதைவை எதிர்பாருங்கள்" என்று சொல்லி அனுப்ப வேண்டும். இந்த ஒரு வரி போய்ச் சேர்ந்தால் மருத்துவர்கள் முதலில் பொட்டாசியத்தையும், தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. நொதியின் அளவையும் பார்ப்பார்கள், சிறுநீரகத்தைக் காக்கத் தொடங்குவார்கள். இல்லாவிட்டால் மயக்கத்துக்குக் காரணம் தேடியே பொன்னான நேரம் போய்விடும்.

இதெல்லாம் விழுந்த பிறகு. விழாமல் இருப்பதற்கான ஏற்பாடு இன்னும் எளிமையானது: பருவத் தொடக்கத்தில் சுமையை நாளுக்கு நாள் மெல்லக் கூட்டுவது, ஓட்டங்களுக்கு இடையே நீண்ட ஓய்வு தருவது, இந்தப் பண்பு உள்ளவர்களுக்குக் காலம் குறித்த ஒரு மைல் ஓட்டம், தொடர் வேக ஓட்டம் போன்ற சோதனைகளை விட்டுவிடுவது, காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அன்று பயிற்சியே வேண்டாம் என்பது. தொழில்முறை ஆட்டத்தில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் வீரர் ரையன் கிளார்க் 2007-இல் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கும் டென்வரில் ஆடிவிட்டு, இந்தப் பண்பின் காரணமாக மண்ணீரலையும் பித்தப்பையையும் இழந்தார். 2012 ஜனவரியில் அதே ஊரில் முக்கியமான நாக்-அவுட் ஆட்டம் வந்தபோது பயிற்சியாளர் மைக் டாம்லின் அவரை வெளியே உட்கார வைத்தார். அணி தோற்றது. மருத்துவத் தகவல் ஆட்டத் தீர்மானத்தை மாற்றுவது என்றால் இதுதான்.

விதி வந்த கதையும் அதை எதிர்த்தவர்களும்

2006 செப்டம்பரில் ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு வீரர் டேல் லாய்ட் 100 கெஜ ஓட்டங்கள் 16 ஓடிய பிறகு சரிந்து மறுநாள் இறந்தார். அவருக்கு இந்தப் பண்பு இருந்தது பல்கலைக்கழகத்துக்குத் தெரியாது. குடும்பம் வழக்குத் தொடுத்தது. 2009-இல் ஏற்பட்ட சமரசத்தில், உறுப்புக் கல்லூரிகள் பரிசோதிக்க வேண்டும் என்று பரிந்துரைக்க, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. ஒப்புக்கொண்டது. 2010 ஆகஸ்ட் 1 முதல் முதல்நிலைப் பிரிவில் அது விதியானது. பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், அல்லது முந்தைய முடிவைக் காட்ட வேண்டும், அல்லது வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மற்ற இரண்டு பிரிவுகளும் சில ஆண்டுகளில் பின்தொடர்ந்தன.

மூன்றாவது வாய்ப்பு விதியின் ஓட்டை. 18 வயது மாணவர் சேர்க்கை நாளில் நீட்டப்படும் தாள்கட்டில் ஒன்றாக அதையும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். கையெழுத்து நிறுவனத்தைக் காக்குமே தவிர சிவப்பணுவைக் காக்காது. முதல்நிலைப் பிரிவில் அந்த ஓட்டையை அடைக்க 2022 ஆகஸ்ட்வரை ஆனது.

எதிர்ப்பும் வந்தது, அதை ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்க இரத்தவியல் சங்கம் 2012-இல், விளையாடுவதற்கு நிபந்தனையாக இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்குவதை எதிர்த்தது. ஆலோசனை இல்லாமல் செய்யப்படும் மரபணுப் பரிசோதனை களங்கத்தையும் பாகுபாட்டையும் உண்டாக்கும், எல்லோருக்கும் பொருந்தும் பாதுகாப்பான பயிற்சி முறையைக் கொண்டுவந்தால் பரிசோதனையே தேவைப்படாது என்பது அவர்கள் வாதம். அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய 47,944 கறுப்பின வீரர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2016-இல் வந்த ஆய்வு இதற்கு வலு சேர்த்தது. பண்பு உள்ளவர்களிடம் தசைச் சிதைவு ஆபத்து 54 சதவீதம் கூடியிருந்தது, ஆனால் இறப்பு விகிதம் கூடவில்லை. நீர், ஓய்வு, உடலைப் பழக்குதல் ஆகியவற்றை எல்லோருக்கும் கட்டாயமாக்கியிருந்தது ராணுவம்.

மறுபக்கம், கல்லூரி மாணவர்களின் 2004 முதல் 2008 வரையிலான மரணங்களை வைத்துச் செய்த ஆய்வு, முதல்நிலைக் கால்பந்தில் பண்பு உள்ளவர்கள் உழைப்பின்போது இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட 37 மடங்கு என்றது. இரண்டு கணக்கும் முரண்படவில்லை. மரபணு ஒன்றேதான், பயிற்சிக் களம் வேறு. முறையான ஓய்வு இருந்த இடத்தில் அது பெரும்பாலும் தூங்குகிறது. தண்டனை ஓட்டம் இருந்த இடத்தில் கொல்கிறது. இரத்தவியல் சங்கத்தின் வாதம் கொள்கையளவில் சரி, ஆனால் கால்பந்துப் பயிற்சிக் கூடங்கள் ராணுவத்தைப் போல மாறும்வரை பரிசோதனையைக் கைவிட முடியாது.

தெரிந்தும் மீண்டும்: பெர்க்லி, 2014

2014 பிப்ரவரி 7 அதிகாலை, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், வீரர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டமாக மேட்டுச் சாலையில் ஏறி இறங்கும் பயிற்சியில் 21 வயது டெட் ஆகு சரிந்து இறந்தார். விதி வந்து மூன்றரை ஆண்டு ஆகியிருந்தது. அவருக்குப் பண்பு உண்டு என்பது பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்திருந்தது. ஏற்றத்தில், குழுவாக, ஒருவர் நின்றால் எல்லோரும் தடுமாறும் கயிற்றோடு ஓடுவது, தன் வேகத்தில் ஓடலாம், விருப்பப்படி நிற்கலாம் என்ற அடிப்படை ஏற்பாட்டையே உடைக்கிறது.

முதலில் மரணக் காரணம் இதயத் தசைப் பெருக்கம் என்று பதிவானது. பண்பு பற்றிய விவரம் பிணக்கூறாய்வு மருத்துவரிடம் முதலில் போய்ச் சேரவில்லை. குடும்பத்தின் வழக்கு நடந்தபோது அது வெளிவந்து, மரணக் காரணம் திருத்தப்பட்டது. 2016-இல் பல்கலைக்கழகம் பொறுப்பை ஏற்று 47.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்தது. ஆபத்தான உடற்பயிற்சியைத் தண்டனையாகத் தரக் கூடாது என்பதும் அதில் ஒரு நிபந்தனை.

பணம் யார் கொடுத்தது

பிளாஞ்சர் குடும்பத்தின் வழக்கில் 2011 ஜூனில் ஜூரி, பல்கலைக்கழகத்தின் விளையாட்டுச் சங்கம் கவனக்குறைவாக இருந்தது என்று முடிவுசெய்து, பெற்றோருக்கு ஒரு கோடி டாலர் வழங்கச் சொன்னது. மிகக் கடுமையான கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டை ஏற்கவில்லை. அந்தச் சங்கம் தனிப் பதிவு பெற்ற லாப நோக்கமற்ற நிறுவனம். ஆனாலும் அரசுப் பல்கலைக்கழகத்தின் கட்டுப்பாட்டில் இயங்குவதால் அரசுக்குரிய சட்டப் பாதுகாப்பு அதற்கும் உண்டு என்றது 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம். 2015-இல் ஃபுளோரிடா உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அந்தப் பாதுகாப்பு இழப்பீட்டுக்கு வைக்கும் வரம்பால் ஒரு கோடி டாலர் 2 லட்சம் டாலராகச் சுருங்கியது. அதற்கு மேல் வேண்டுமென்றால் மாநிலச் சட்டமன்றம் தனி மசோதா நிறைவேற்ற வேண்டும்.

அந்தக் கதவு எப்படித் திறக்கும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. 2001 பிப்ரவரியில் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதே பண்புள்ள டெவான் டார்லிங் பயிற்சியில் இறந்தார். 2004-இல் 20 லட்சம் டாலருக்கு உடன்பாடு. வரம்புக்குட்பட்ட 2 லட்சம் கிடைத்தது. மீதி 18 லட்சத்துக்குச் சட்டமன்றம் ஒப்புதல் தந்தது 2017-இல். இறந்து 16 வருடம் கழித்து.

தவறு நேர்ந்தால் நிறுவனம் இழப்பது 2 லட்சம் டாலர் என்றால், தலைமைப் பயிற்சியாளரின் ஆண்டுச் சம்பளத்தில் அது ஒரு மூலைக்கு வராது. காப்பீட்டு நிறுவனமோ நீதிமன்றமோ கேள்வி கேட்காத இடத்தில், பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதை நிர்வாகத்துக்குள்ளேயே எழுதிவைப்பது ஒன்றுதான் மிஞ்சும் வழி.

மருத்துவரின் மேலாளர் யார்

மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 2018 மே 29 அன்று 110 கெஜ ஓட்டங்களின்போது ஜோர்டன் மெக்நேர் வெப்பத் தாக்குதலால் சரிந்து ஜூன் 13 அன்று இறந்தார். அங்கே பிரச்சினை அரிவாள் செல் அல்ல, குளிர்நீர்த் தொட்டியில் இறக்காததும் அவசர உதவிக்கான அழைப்பு தாமதமானதும். நிர்வாகம் பொறுப்பேற்ற விதத்துக்காக அந்த வழக்கை இங்கே சேர்க்க வேண்டியிருக்கிறது. பல்கலைக்கழகத் தலைவர் வாலஸ் லோ ஆகஸ்டில் சட்ட, தார்மீகப் பொறுப்பை வெளிப்படையாக ஏற்றார். ஆட்சிக்குழு தலைமைப் பயிற்சியாளரைத் தக்கவைக்கப் பரிந்துரைத்தது. மறுநாளே லோ அவரை நீக்கினார், அதற்கடுத்த நாள் ஆட்சிக்குழுத் தலைவர் பதவி விலகினார். விளையாட்டு மருத்துவத்தை விளையாட்டுத் துறையிலிருந்து பிரித்து மருத்துவக் கல்லூரியின்கீழ் கொண்டுபோகும் யோசனை ஒன்று அதற்கு முந்தைய ஆண்டே முன்வைக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டிருந்தது.

2016 ஆகஸ்ட் முதல் கல்லூரி அணிகளின் ஐந்து பெரிய கூட்டமைப்புகளில், வீரரின் மருத்துவத் தீர்மானங்களில் அணி மருத்துவருக்கும் அத்லெட்டிக் ட்ரெயினருக்கும் கேள்விக்கு இடமில்லாத அதிகாரம் தரப்பட்டது. 2017 முதல், மருத்துவ ஏற்பாடுகளைக் கண்காணிக்க ஒவ்வொரு கல்லூரியும் ஒரு நிர்வாகியை நியமிக்க வேண்டும். காகிதத்தில் நல்லது. அந்த நிர்வாகியின் வருடாந்திர மதிப்பீட்டைத் தலைமைப் பயிற்சியாளர் எழுதுகிறாரா, ட்ரெயினரை வேலைக்கு எடுப்பதிலும் நீக்குவதிலும் அவருக்குக் கை உண்டா என்று பார்த்தால்தான் அதிகாரம் நிஜமா என்பது தெரியும்.

ஒரு கல்லூரியின் ஏற்பாட்டைத் தணிக்கை செய்யப் போகிறவர் கொள்கை அறிக்கையைப் படிப்பதில் நேரம் கழிக்க வேண்டாம். அணிப் பட்டியலில் பத்துப் பெயரைத் தேர்ந்து ஒவ்வொருவருக்கும் ஆய்வகத் தாளைக் கேட்கலாம். முடிவு வந்த தேதியும் முதல் பயிற்சியின் தேதியும் எது முந்தியது என்று ஒப்பிடலாம். முடிவு வருமுன் ஓடவிட்டிருந்தால் அதுவே ஒரு மீறல். பண்பு உள்ளவர்களின் உறுதிச் சோதனையையும் ஆலோசனைக் கையொப்பத்தையும் பார்க்கலாம். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காலைப் பயிற்சிக்குப் போய், விசில் வைத்திருக்கும் உதவியாளரிடம் "இங்கே ஓடுகிறவர்களில் யாருக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே, அதில் காட்டும் அழுத்தம் எவ்வளவு, முகமூடி இணைந்திருக்கிறதா, ஏ.ஈ.டி. கருவி ஓடும் இடத்திலிருந்து எத்தனை நிமிட தூரம், ஆம்புலன்ஸ் எந்த வாயிலால் வரும், அந்த வாயிலின் சாவி அதிகாலையில் யாரிடம் இருக்கும் என்றும் கேட்க வேண்டும். அன்றைய பயிற்சித் திட்டத்தின் எழுத்துப் பிரதியையும், அதற்குப் பயிற்சிக்கு முன்பே ஒப்புதல் தந்தவரின் பெயரையும் கையோடு வாங்கிவிட வேண்டும்.